அக்காவுக்காக முழுகிய நாள்

போன கிழமை எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருத்தி பழைய படம் ஒன்றைப் போட்டாள். கொளுத்தும் வெயில், ஒரு பூங்கா, நடுவில் ஒரு மரத் தள்ளுவண்டி. அதைச் சுற்றி வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவர்களுக்கிடையில் தலையில் துணித்தொப்பி கட்டி, குதிக்கால் வரை பாவாடை உடுத்திய தமிழ்ப் பெட்டைகள் நாலைந்து பேர். கீழே ‘எங்கட மோர்மன் காலம்’ என்று எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கிற முகங்களை வரிசையாக அடுக்கியிருந்தாள். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ‘சும்மா கிடைச்ச குளிர்க் கோட்டுக்காகச் சேந்த வேதம்’ என்று ஒருத்தி எழுதினாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவளும் பள்ளிக்கூடம் வந்தாள்.

வண்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு, கமராவைக் கடிக்கப் போகிறவள் மாதிரி நிற்பது நான். அன்றைக்கும் நான் சிரிக்கவில்லை, போன கிழமையும் சிரிக்கவில்லை. குழுவில் பதில் எழுதினால் இரண்டாம் வரியிலேயே சண்டையாகிவிடும் என்று தெரியும். அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். எல்லோரும் ஐம்பதை எட்டிப்பிடிக்கப் போகிறோம். முழங்கால் நோவையும் கொலஸ்ட்ரோலையும் மணிக்கணக்காகக் கதைக்கிறோம், இதையும் கொஞ்சம் வாசியுங்கள்.

அப்போது நாங்கள் கனடாவில், டோர்செட் பார்க்கில், எப்போதும் பழுதாகிக் கிடக்கிற லிஃப்ட் உள்ள அந்தக் கட்டடத்தில், ஒரு படுக்கையறை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். எனக்குப் பன்னிரண்டு வயது. அக்கா எங்களோடு இல்லை. அவளைப் பற்றி உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும், உங்கள் அம்மாமார் குரலைத் தாழ்த்திக் கதைத்ததைக் கேட்டிருப்பீர்கள். முழுவதையும் நான் சொல்கிறேன். ஊருக்குள் ஷெல் விழத் தொடங்கிச் சனமெல்லாம் எழும்பி நடந்தபோது அப்பா ஏற்கெனவே கனடாவில் இருந்தார். வழியில் அம்மாவின் உள்ளங்காலில் கண்ணாடி வெட்டிவிட்டது. அவரால் ஓரடி வைக்க முடியவில்லை.

“உந்த மரத்துக்குக் கீழ இருங்கோ அம்மா, நான் ஓடிப்போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாறன்” என்று அக்கா சொன்னாள். பதினாறு வயது. எல்லோரும் ஒரு பக்கம் நடக்க, அவள் மட்டும் மறுபக்கம் ஓடினாள். இருட்டும் வரை அம்மாவும் நானும் அந்த மரத்தடியில் இருந்தோம். பிறகு வந்த சனம் எங்களைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அம்மா முகாம் முகாமாக, ஆசுபத்திரி ஆசுபத்திரியாகத் தேடினார். கண்டோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை, செத்துவிட்டாள் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. கடைசியில் அப்பா எங்கள் இருவரையும் கனடாவுக்கு எடுப்பித்தார். பிள்ளைக்கு அந்தியேட்டிக் கிரியையாவது செய்யுங்கோ என்று புத்தி சொல்ல வந்த ஒரு மாமியை, அம்மா வாசலிலேயே நிற்பாட்டித் திருப்பி அனுப்பினார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யார் அந்தியேட்டி செய்வார்கள் என்பது அம்மாவின் கேள்வி.

அந்த வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் பின்னேரம்தான் அவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். இரண்டு வெள்ளைக்காரப் பெட்டைகள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். நீளப் பாவாடை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, சப்பாத்தெல்லாம் தெருவில் கொட்டிய உப்பின் கறை. மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். வீடு தேடி வருகிற வெள்ளைக்காரர் என்றால் வாடகைக் கந்தோர், இல்லாவிட்டால் குடிவரவு என்று அம்மாவுக்கு ஒரு பயம். என்ன விஷயம் என்று கேட்காமலே இருத்திவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.

அவர்கள் தேத்தண்ணி குடிக்க மாட்டார்களாம். கோப்பியும் ஆகாதாம். மோர்மன் மார்க்கத்தில் அது விலக்கு என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு வேறு என்ன கொடுக்கிறது என்று தெரியாமல் அம்மா தடுமாறியதை நான் பார்த்தேன். கடைசியில் பாலைக் காய்ச்சிச் சீனி போட்டுக் கொடுத்தார். அந்தப் பெட்டைகள் அதை மருந்து குடிக்கிற மாதிரி குடித்து முடித்து, அடுத்த கிழமையும் வருவதாகச் சொல்லிப் போனார்கள். வந்தார்கள். பனி கொட்டினாலும் வந்தார்கள்.

அவர்கள் சொன்னதை எல்லாம் தமிழில் சொல்கிற வேலை எனக்கு. டாக்குத்தர், வங்கி, பள்ளிக்கூடம், வெல்பெயர் கந்தோர் என்று எல்லா இடத்திலும் எங்கள் தாய் தகப்பனுக்கு வாயாக இருந்தது நாங்கள்தானே. இதிலும் அப்படித்தான். கல்யாணம், பிள்ளை, தாய் தகப்பன் என்ற உறவு சாவோடு அறுந்து போகாது, கோயிலில் முறைப்படி சேர்த்து வைத்தால் குடும்பம் என்றென்றைக்கும் ஒன்றாக இருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். நான் அப்படியே சொன்னேன்.

அம்மா கையில் இருந்த துவாயை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். “குடும்பம் எண்டால் எல்லாருமோ எண்டு கேள். தூரத்தில இருக்கிற பிள்ளையும் சேர்த்தியோ?”

கேட்டேன். ஓம், எல்லோரும், ஒருவரையும் விடமாட்டோம் என்று அந்தப் பெட்டை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அம்மாவுக்கு அது போதும். அந்தக் கிழமையே தேயிலைப் பேணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம் தேத்தண்ணி குடிக்கிற மனுஷி, தலையிடியில் கண் சிவந்து சுவரில் சாய்ந்துகொண்டு இருந்தார். வெள்ளைக்காரப் பெட்டைகள் அதை விசுவாசம் என்று நினைத்துக் கொண்டாடினார்கள். அது விசுவாசம் இல்லை, நேர்த்தி. அக்கா வந்து சேரும் வரைக்கும் தேத்தண்ணி வாயில் வைப்பதில்லை என்று அம்மா தன்பாட்டில் ஒரு நேர்த்தி வைத்துவிட்டார். மாதத்தில் முதல் ஞாயிறு சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று சொன்னபோது அவருக்கு இன்னும் பிடித்துப் போனது. கந்தசட்டிக்கு ஆறு நாள் விரதம் பிடித்தவருக்கு ஒரு ஞாயிறு என்ன பெரிய காரியம்.

அப்பா கேட்ட கேள்வி வேறு. அம்மா குசினியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார். “செத்த ஆக்களுக்கு இவையிட்ட என்ன இருக்கு எண்டு கேள்.”

அந்தப் பெட்டைகளின் முகம் மலர்ந்துவிட்டது. ஞானஸ்நானம் எடுக்காமல் செத்தவர்களுக்காக, உயிரோடு இருக்கிற ஒருவர் அவர்களுடைய பெயரில் தண்ணீரில் முழுகலாம், பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். அதை ஏற்பதும் மறுப்பதும் செத்தவரின் விருப்பம் என்றார்கள். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் தாயை நினைக்கிறார் என்று நான் நினைத்தேன். அவருடைய தாய் செத்தபோது அவர் கனடாவில் இருந்தவர்.

இளவேனிலில் மூன்று பேரும் முழுக்கெடுத்துச் சேர்ந்தோம். கோட் கிடைத்தது, சோபா கிடைத்தது, சபைக்காரர் ஒருவர் சொல்லி அப்பாவுக்கு ஒரு பேக்கரியில் வேலையும் கிடைத்தது. உங்கள் வீட்டாரும் ஒவ்வொருவராக வந்தார்கள், கோட்டை வாங்கினார்கள், இரண்டு ஞாயிறு பாடினார்கள், பிறகு எங்கள் அம்மாவைப் பார்த்து ‘வேதக்காரி’ என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அந்த மனுஷி ஞாயிற்றுக்கிழமை சபையில் மர வாங்கில் இருந்து கும்பிட்டு என்ன கேட்டார் என்று ஒருத்தராவது கேட்டதில்லை.

ஞாயிறுகளில் எங்களுக்குப் பக்கத்தில் யமேக்காவில் இருந்து வந்த ஒரு அன்ரி இருப்பார். கைப்பையில் இஞ்சி இனிப்பு வைத்திருந்து எனக்குத் தருவார். ஒருநாள் அவர் தன் கணவரைக் காட்டி, கொஞ்சக் காலத்துக்கு முன்பு வரை கறுப்பு ஆண்களுக்கு இந்த மார்க்கத்தில் குருப்பட்டம் கொடுக்க மாட்டார்கள், எத்தனையோ தலைமுறை அப்படி இருந்தது, பிறகுதான் மாற்றினார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாடத் தொடங்கினார். எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “அதுக்கென்ன, எங்கட ஊர்க் கோயிலுக்குள்ள எல்லாரையும் விட்டவையோ?” என்றார், கோபமே இல்லாமல். விடாதவர்களில் அவருடைய ஆட்களும் அடக்கம் என்பதை அவர் சொல்லவில்லை. வளர்ந்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது. இரண்டு பக்கத்திலும் கேவலம் இருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சிரிக்கிற உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி அந்தப் படம். மோர்மன் சனத்தை ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகத் துரத்தினார்களாம். வீட்டை எரித்து, ஆட்களைக் கொன்று, தலைவரையும் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் மேற்கே நடந்தார்கள். மாடு வாங்க வசதி இல்லாதவர்கள் தள்ளுவண்டியில் சாமானை ஏற்றித் தாங்களே இழுத்தார்கள், பனியில் குழந்தைகளைப் புதைத்துவிட்டு நடந்தார்கள். இந்தக் கதையை நான் சொல்லக் கேட்டபோது அம்மா கண்ணைத் துடைத்தார். “அவையும் எங்களைப்போல இடம்பெயர்ந்த சனம்தான், பாவம்” என்றார்.

அந்த நடையை நினைவுகூர ஆடி மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூங்காவில் வண்டி இழுக்க விட்டார்கள். தொப்பி கட்டினோம். வண்டியில் மூட்டைகள் வைத்திருந்தார்கள். பாதி வழியில் எங்களை நடத்திக்கொண்டு போன ஆசிரியை நிற்பாட்டி, வண்டி பாரம், இனி ஒவ்வொருவரும் ஒரு பொருளை விட்டுவிட்டு வர வேண்டும், எதை விடுவீர்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் குதூகலமாகக் கத்தினார்கள். பொம்மை, புத்தகம், போர்வை. உங்களில் ஒருத்தி சட்டி என்று சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னம் உண்மையாக நடந்து வந்த பிள்ளைகளை நிற்க வைத்து, நடந்து வந்த விளையாட்டு விளையாடச் சொன்ன அந்த மனுஷியைத் தள்ளி விழுத்த வேண்டும் போல இருந்தது. நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கோட் கொடுக்கும்போது அதைச் சொல்லித்தானே கொடுத்தார்கள். எனக்கு விட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் யாரோ படம் எடுத்தார்கள்.

ஐப்பசியில் எங்கள் வயதுப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்தார்கள். ஞாயிறு போகிற சபை வேறு, கோயில் வேறு. அது நகரத்துக்கு மேற்கே, நெடுஞ்சாலையில் நெடுந்தூரம். செத்தவர்களுக்காக முழுகுவது அங்கேதான். அம்மாவிடம் விளங்கப்படுத்தினேன்.

“கீரிமலையில செத்த ஆக்களுக்காக முழுகிற மாதிரியோ?”

“ஓம் அம்மா, அப்பிடித்தான். அப்பா தன்ர பக்கத்து ஆக்களின்ர பெயர் குடுத்திருக்கிறாராம்.”

“நல்லதுதான், போட்டு வா” என்று சொல்லி எண்ணெய் வைத்துத் தலையை இழுத்துப் பின்னிவிட்டார்.

கோயில் முழுக்க வெள்ளை. வெள்ளை நிலம், வெள்ளை உடுப்பு, எல்லோரும் காதுக்குள் கதைத்தார்கள். ஒரு பெரிய தொட்டி. அதைப் பன்னிரண்டு எருதுகள் முதுகில் தாங்கிக்கொண்டு வட்டமாக நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நந்தியை விட்டுவிட்டு வந்தால் இங்கே ஒரு டசின் நிற்குது என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். படியில் இறங்கினேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

தொட்டிக்குள் வெள்ளை உடுப்போடு நின்றவர் சபையில் எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல மனுஷர். பெயர் ஒன்றை வாசித்து, செத்துப்போன இவருக்காக என்று சொல்லி, என் மூக்கைப் பிடித்துப் பின்னால் சாய்த்து முழுக்கி எடுப்பார். எங்கள் பெயர்கள் அவருடைய வாய்க்குள் நுழையவில்லை. அதனால் ஒவ்வொரு தரமும் எழுத்தைக் காட்டி, எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். முதலில் அப்பாவின் தாய். சொல்லிக் கொடுத்தேன், முழுகினேன். பிறகு அப்பாவின் பெரியம்மா. அதையும் சொல்லிக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த பெயரைக் காட்டினார். நான் அதையும் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது அக்காவின் பெயர் என்று மூளைக்கு ஏறியது.

அவர் அதை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிழை விடக்கூடாது என்ற கவனம். பிறகு கையை உயர்த்தி, சத்தமாக, வடிவாக, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே அக்காவின் பெயரைச் சொல்லி, செத்துப்போனவள் என்றும் சொல்லி, என்னை முழுக்கினார். கண்ணை மூட மறந்துவிட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து அவருடைய முகம் ஆடிக்கொண்டு தெரிந்தது. எழும்பினபோது இருமினேன், எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டேன் என்று நினைத்தார்கள். ஒரு பெண் துவாயால் போர்த்தி, உனக்குச் சந்தோஷமாக இருக்கும், உன்னுடைய சொந்தக் குடும்பம் அல்லவா என்றாள்.

இருட்டுகிற நேரம் சபைக்காரரின் வாகனத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வீட்டில் அம்மா மட்டும் இருந்தார், அப்பா வேலை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அப்பம்மாவுக்கு முழுகினியோ என்று கேட்டார். “முழுகினனான். பிறகு அக்காவுக்கும் முழுக வைச்சவை” என்றேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னமும் அடித்ததில்லை, பிறகும் அடித்ததில்லை. அடித்துவிட்டு என்னை இழுத்து வைத்து, தலையை ஈரம் போகப் போகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிஷப்பின் அறைக்குப் போனோம். பிஷப் என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி நீள அங்கியும் தொப்பியும் இல்லை. கிழமை நாட்களில் காப்புறுதி விற்கிறவர், ஞாயிறு சம்பளம் இல்லாமல் சபை நடத்துகிறவர். மேசையில் கண் துடைக்கிற கடதாசிப் பெட்டி ஒன்று இருந்தது. அப்பா, அம்மா, நடுவில் நான்.

“அதை அழிக்கச் சொல்லு” என்றார் அம்மா. “என்ர பிள்ளை உயிரோட இருக்கிறாள். உயிரோட இருக்கிற பிள்ளைக்குச் செத்த முழுக்கு முழுகக் கூடாது. திருப்பி எடுக்கச் சொல்லு.”

சொன்னேன். பிஷப் மிகவும் அன்பாக, கட்டாயம் ஒன்றும் இல்லை, உங்கள் மகள் அங்கே இதை ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம் என்றார். அதையும் சொன்னேன்.

“அங்க எண்டால் எங்க?” என்று அம்மா கேட்டார்.

நான் அதை ஆங்கிலத்தில் கேட்டதும் பிஷப்பின் முகம் மாறியது. அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உன் அக்கா செத்துக் கிடந்ததைக் கண்ட ஒருவர் தன்னிடம் சொன்னார் என்று உன் அப்பா அரைகுறை ஆங்கிலத்தில் என்னிடம் சொல்லியிருந்தார், உன் அம்மாவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைத்தேன் என்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், ஆங்கிலத்தில், தாயின் முன்னால். வேறு யாரிடம் சொல்வது? அந்த அறையில் இரண்டு மொழியும் வடிவாகத் தெரிந்தது நான் ஒருத்திதான்.

“உதை அம்மாவுக்குச் சொல்லாதை பிள்ளை” என்றார் அப்பா. தமிழில் சொன்னார்.

“எதை?” என்றார் அம்மா. அப்பாவைப் பார்க்கவே இல்லை. “நீ சொல்லு.”

நான் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சின்னப் பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று பிறகு உறவுக்காரர் எனக்காக இரங்கினார்கள். தெரிந்துதான் சொன்னேன். இன்றைக்கு அந்த அறையில் இருத்திக் கேட்டாலும் சொல்வேன்.

அம்மா அழவில்லை. கதிரையைக் கொஞ்சம் திருப்பி அப்பாவுக்கு நேரே இருந்தார்.

“கண்டவர் ஆர்?”

“பேக்கரியில என்னோட வேலை செய்யிறவர். எங்கட பக்கத்து ஊர். வோபர்ன்ல இருக்கிறார்.”

“எங்க கண்டவராம்?”

“சந்திக்கு இஞ்சால. சைக்கிளும் பக்கத்தில கிடந்ததாம். ஒரு பெட்டை எண்டவர்.”

“முகம் பாத்தவரோ?”

“தெரியாது.”

“என்ன உடுப்புப் போட்டிருந்தவளாம்?”

“கேக்கேல்லை” என்றார் அப்பா.

பிஷப் என்னைப் பார்த்தார், என்ன கதைக்கிறார்கள் என்று. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எழும்பி நின்றார். “மஞ்சள் துணியில கத்தரிப்பூ நிறத்தில பூ. நான் தைச்சது. ஒரு கை மற்றதை விடக் கொஞ்சம் குட்டை. அதைக்கூடக் கேளாமல் என்ர பிள்ளையைச் சாகக் குடுத்துப் போட்டியள்.” பிறகு என்னிடம் சொன்னார். “பிஷப்புக்குச் சொல்லு. எங்கட வீட்டில செத்த பிள்ளை இல்லை எண்டு.”

அன்று பின்னேரமே அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் எடுத்து வோபர்னுக்குப் போனார். அந்த மனுஷர் சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். அம்மா வாசலில் நின்றபடியே அதே கேள்வியைக் கேட்டார். அவர் கையைப் பிசைந்தார். “அக்கா, நான் ஓடிக்கொண்டிருந்தனான். சைக்கிள் கண்ணில பட்டது, ஒரு பெட்டையின்ர கால் கண்ணில பட்டது. சட்டை பாக்கேல்லை. அது உங்கட மகளெண்டு நான் சொல்லேல்லை. அண்ணைதான் அப்பிடி எடுத்துப்போட்டார்” என்றார். அம்மா அவருக்கு நன்றி சொன்னார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை, அவருக்கு நன்றி சொன்னார்.

அப்பா ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இப்போது விளங்குகிறது. அவர் அந்தச் சட்டையைக் கண்டதே இல்லை. மஞ்சள் என்று அந்த மனுஷர் சொல்லியிருந்தாலும் அவருக்கு அது வெறும் மஞ்சள். தான் இல்லாத நேரத்தில் ஓடிய பிள்ளைக்கு ஏதாவது ஒரு முடிவு செய்ய வேண்டும் என்று அந்தரப்பட்டிருக்கிறார். அந்தியேட்டி செய்ய அம்மா விடமாட்டார். அம்மாவுக்குத் தெரியாமல் பிள்ளைக்குக் கடமை செய்ய ஒரு இடம் கிடைத்தது, செய்துவிட்டார். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருவர் பிள்ளை வர வேண்டும் என்று கும்பிட, மற்றவர் பிள்ளையைக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்காக இரங்கலாம். நான் இரங்க மாட்டேன். முழுகுவதற்கு என் உடம்பைக் கொடுத்தாரே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா?

நாங்கள் திரும்ப அந்தச் சபைக்குப் போகவில்லை. அவர்கள் வந்தார்கள். சாப்பாடு கொண்டு வந்தார்கள், அந்தப் பெட்டைகளில் ஒருத்தி வாசலில் நின்று அழுதாள். அம்மா அவளுக்கும் பால் காய்ச்சிக் கொடுத்து அனுப்பினார். அவர்களில் கெட்டவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். யூனியன்வில்லில் என் வீட்டு வாசலுக்கு இப்போதும் பெயர்ப்பட்டை குத்திய பெடியன்கள் வருகிறார்கள். நான் முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்துவேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் மகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “அம்மா, தட்ஸ் ஸோ கொலோனியல்” என்றாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது. அப்பாவுக்கு என்ன சொல் என்று கேட்டேன், தன் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள்.

அம்மா கடைசி வரை தேத்தண்ணி குடிக்கவில்லை. ஊரில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிற தாய்மாரைத் தொலைக்காட்சியில் காட்டினால் கிட்டப் போய் இருந்து பார்ப்பார். அவர்கள் பிடித்திருக்கிற படங்களில் ஒன்று அக்காவுடையதாக இருக்குமோ என்று பார்ப்பாரோ தெரியாது. அப்பாவோடு அதே வீட்டில்தான் இருந்தார், சமைத்துப் போட்டார், மருந்து எடுத்துக் கொடுத்தார். அக்காவின் பெயரை மட்டும் அவருக்கு முன்னால் சொல்லமாட்டார்.

இந்த வருடம் பங்குனியில் அம்மா செத்துப்போனார். உங்களில் பாதிப் பேர் செத்தவீட்டுக்கு வந்தீர்கள், மீதிப் பேர் குழுவில் கைகூப்பினீர்கள். மரண அறிவித்தல் போடுகிற கந்தோரில் இருந்து ஒரு பெடியன் தொலைபேசியில் எடுத்து, தான் எழுதியதை வாசித்துக் காட்டினான். இன்னாரின் மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் கனடா என்று இருந்தது.

“மூத்த மகளுக்கு நாடு சொல்லேல்லை அக்கா. அவ எங்க இருக்கிறா?”

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். இப்போது காது நன்றாகக் கேட்காது, ஆனால் இது கேட்டது. “காலஞ்சென்ற எண்டு முன்னுக்குப் போடச் சொல்லு பிள்ளை” என்றார். கெஞ்சுகிற குரல்.

“இலங்கை எண்டு போடுங்கோ தம்பி” என்றேன்.

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெடியன் எழுதிக்கொண்டு கேட்டான். “தொடர்புக்கு எல்லாரின்ர நம்பரும் கீழ வரும் அக்கா. அவவின்ரயும் தாங்கோ.”

“அவவுக்கும் என்ர நம்பரையே போடுங்கோ” என்றேன்.